ஐப்பசி நூல் சந்தை, வடசென்னை: போறதுக்கு முன்னாடி என்ன தெரிஞ்சிருக்கணும்?

சந்தைப்பை:
ஐப்பசி மூணாவது ஞாயிறு, காலடிப்பேட்டை பக்கம் ஒரு மண்டபத்துல சின்ன நூல் சந்தை. இருபது, முப்பது மேசைதான் இருக்கும்: கைத்தறி நூல், சாயம் போட்ட கழி (வளையமாச் சுத்தின நூல்), உல்லன், மேக்ரமே கயிறு, தக்ளி (கையால நூல் நூக்கற சின்னக் கதிர்) கத்துக்கொடுக்க ஒரு மேசை, வலை பின்ன ஒரு மேசை. எனக்கு குரோஷா ஓரளவு வரும், ரெண்டு ஊசிப் பின்னல் இப்பதான். கையில 2,000 ரூபாய். படத்தைப் பார்த்து ஆன்லைன்ல வாங்குறதுக்கு நேர்ல தொட்டுப் பார்த்து வாங்கலாமேன்னு ஒரு யோசனை. என்ன எடுத்துட்டுப் போகணும், எதைப் பார்த்து வாங்கணும், எங்க ஏமாறுவோம்?

பாவு_ஊடை:
தொட்டுப் பார்த்து வாங்குறதுதான் முதல் சறுக்கல். பருத்தி நூலுக்கு மில்லுலயே சாஃப்ட்னர் ஏத்திடுவாங்க. மேசையில வெண்ணெய் மாதிரி வழுக்கும், மூணு அலசல்ல அது போயிடும். மிஞ்சறது நூலோட சொந்த குணம்: இழை நீளம், முறுக்கு, நம்பர். இந்த மூணையும் விரலைவிட கணக்கும் கண்ணும் நல்லா சொல்லும்.

நம்பர்ல ஆரம்பிக்கலாம். பருத்திக்கு இங்க இன்னும் பழைய இங்கிலீஷ் கவுண்ட்தான். ஒரு கழி 840 கஜம். அப்படி எத்தனை கழி சேர்ந்தா ஒரு பவுண்டு எடை வருதோ, அதுதான் நம்பர். 20 கழி வந்தா 20-ஆம் நம்பர், 40 வந்தா 40-ஆம் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலிசு. சீட்டுல 2/40ன்னு இருந்தா 40-ஆம் நம்பர் இழை ரெண்டைச் சேர்த்து முறுக்கினது, பருமன்ல 20-க்குச் சமம். இதிலிருந்து நீளம் எடுக்க ஒரே பெருக்கல்: நம்பர் × 1.69 = ஒரு கிராமுக்கு எத்தனை மீட்டர். 2/20 நூல் 100 கிராம் எடுத்தா 10 × 1.69 × 100, அதாவது 1,690 மீட்டர். 8/4ங்கறது தலைகீழா எழுதுறது, 8-ஆம் நம்பர் இழை நாலு, பருமன்ல 2-க்குச் சமம். அதை எடுத்தா 2 × 1.69 × 100 = 338 மீட்டர். ரெண்டும் 100 கிராம், ரெண்டும் பருத்தி. விலைய மட்டும் பார்த்தா எது லாபம்னு தெரியாது.

உல்லன் மேசையில சொல்ற "8 பிளை" வேற கணக்கு. அது எட்டு இழைன்னு அர்த்தம் இல்ல, பருமனுக்கு வெச்ச பேரு. 8 பிளைன்னா 100 கிராமுக்கு ஏறக்குறைய 200 மீட்டர் வரும். 8/4-யும் 8 பிளையும் ஒன்னுன்னு நினைச்சு வாங்கினா ஒன்னு சட்டையாகும், இன்னொன்னு கொசுவலையாகும்.

இப்ப மழைக்காலக் கணக்கு. ஐப்பசியில எடை போட்டு வாங்குற நூலோட தண்ணியும் வருது. நூல் வியாபாரத்துல எடைக் கணக்குக்கு நூலை 65 சதவீத ஈரப்பதத்துல வெச்சுப் பார்ப்பாங்க. அந்த நிலையில பருத்திக்கு உலர்ந்த எடைக்கு மேல 8.5 சதவீதம் ஈரம் அனுமதி. அடைமழை நாள்ல மண்டபத்துக் காத்து 90-ஐத் தொட்டா 100 கிராம் பருத்தி 4, 5 கிராம் கூடக் காட்டும். அசல் கம்பளி இன்னும் மோசம். உலர்ந்த எடையில மூணுல ஒரு பங்கு வரைக்கும் ஈரத்தைக் குடிச்சுட்டு, தொட்டா காஞ்ச மாதிரியே இருக்கும். அக்ரிலிக் குடிக்கறதே இல்ல, 2 சதவீதத்துக்குள்ள. யாரும் திருடறாங்கன்னு சொல்லல, காத்தோட வேலை அது. ஆனா நீளம் மாறாது. அதனால "எத்தனை கிராம்"னு கேக்காதீங்க, "எத்தனை மீட்டர்"னு கேளுங்க.

சந்தைப்பை:
சீட்டே இல்லாத கழின்னா?

பாவு_ஊடை:
டேப்பும் ரெண்டு நிமிஷமும் போதும். கழியோட முறுக்கைப் பிரிச்சு வளையமா விரிங்க. ரெண்டு கையிலயும் மாட்டி இழுத்துப் பிடிச்சா ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் உள்ள நீளம், அதை ரெண்டால பெருக்கினா சுற்றளவு. ஒரு இடத்துல, ஒரு பக்கம் மட்டும், எத்தனை இழை ஓடுதுன்னு எண்ணுங்க. சுற்றளவு 1.5 மீட்டர், இழை 140ன்னா 210 மீட்டர். கைத்தறிக் கழி முறையாச் சுத்தியிருந்தா சுற்று 54 அங்குலம், 80 சுற்று ஒரு கட்டு, ஏழு கட்டு ஒரு கழி. கட்டுகளுக்கு நடுவுல குறுக்கால கோத்த நூல் தெரியும், ஏழு பிரிவை எண்ணிடலாம். அஞ்சோ ஆறோ இருந்தா கழி குறைச்சல்.

எடையும் போடலாம். சின்ன நகைத் தராசு இருந்தா முழுக் கழி 20-ஆம் நம்பர் 22.7 கிராம், 40-ஆம் நம்பர் 11.3 கிராம். 40ன்னு சொன்னது 14 கிராம் இருந்தா அது 32-ஆம் நம்பர்தான். ஒரு கிராம் முன்னபின்ன இருந்தா அது மழை, விட்டுடுங்க.

ஊசி_நம்பர்_8:
பையில என்ன வேணும்னு சொல்றேன். துணி டேப்பு. நகைத் தராசு இருந்தா சரி. 15 செ.மீ. ஸ்கேல், ஒரு பென்சில். வெள்ளைக் கைக்குட்டை ரெண்டு, சின்ன பாட்டில்ல தண்ணி (சாயம் பார்க்க, குடிக்க இல்ல). சிப் வெச்ச பிளாஸ்டிக் பை பத்து. பின்னப் போற உருப்படியோட அளவு, ஊசி அளவு, எத்தனை மீட்டர் வேணும்கறது எல்லாம் காகிதத்துல, போன்ல வேண்டாம். மழையில கை ஈரமா இருக்கும்போது திரை நகராது.

பென்சில் எதுக்குன்னா, நூலைப் பென்சில்ல பக்கம் பக்கமா, இழுக்காம, ஒன்னு மேல ஒன்னு ஏறாம சுத்தி ஒரு அங்குலத்துல எத்தனை சுற்று விழுதுன்னு எண்ண. 8 பிளைக்கு 11லிருந்து 14 வரும், சாக்ஸ் நூலுக்கு 16க்கு மேல. 8 பிளைன்னு சொல்லி 18 வந்தா அது 8 பிளை இல்ல. இழுத்துச் சுத்தினா மெலிசாக் காட்டும், எல்லாரும் இங்கதான் தப்பு பண்றாங்க.

அடுத்து ஊசி. பழைய ஊசி விக்கிற மேசைகள் இருக்கும், நம்ம ஊர்ல எல்லாம் பிரிட்டிஷ் நம்பர். நம்பர் 8 ஊசி 4 மி.மீ., நம்பர் 10 ஊசி 3.25, நம்பர் 12 ஊசி 2.75. யூடியூப்ல பார்க்குற அமெரிக்கப் பேட்டர்ன் நம்பர் 8ன்னா 5 மி.மீ. பிரிட்டிஷ்ல நம்பர் ஏறினா ஊசி மெலிசு, அமெரிக்காவுல ஏறினா தடிமன். ஒரு மி.மீ. வித்தியாசத்துல குழந்தைக் குல்லா பெரியவங்க தலைக்குச் சரியாப் போகும். நம்பரை நம்பாம மி.மீ. கேளுங்க. ஓட்டை போட்ட ஊசி அளவுகோல் யார் மேசையிலயாவது இருக்கும்.

குரோஷாவுக்கும் இதே தொல்லை. பிரிட்டிஷ்ல டபுள் குரோஷேன்னு சொல்றது அமெரிக்காவுல சிங்கிள் குரோஷே. பேட்டர்ன் வாங்கினா எந்த நாட்டு முறைன்னு முதல் பக்கத்துலயே பாருங்க. எங்கயாவது "சிங்கிள் குரோஷே"ன்னு வந்தா அது அமெரிக்கா, ஏன்னா பிரிட்டிஷ்ல அந்தப் பேரே கிடையாது.

வசம்பு:
குரோஷாவுக்கு ரெண்டு ஊசிப் பின்னலைவிட மூணுல ஒரு பங்கு நூல் கூட ஆகும். அதையும் காகிதத்துல எழுதிக்கோங்க.

சாயத்தொட்டி:
சாயம் பத்தி யாரும் சொல்லல. சின்ன சந்தையில நூலைவிட சாயத்துலதான் தகராறு வரும்.

கைக்குட்டையை நனைச்சுப் பிழிஞ்சு, கழியோட உள்பக்கத்துல (வெளிச்சம் படாத பக்கம்) பத்து தடவை தேய்ங்க. கேட்டுட்டுத் தேய்ங்க. கறை வந்தா உடனே வேண்டாம்னு வெச்சுடாதீங்க, என்ன சாயம்னு கேளுங்க. ஏன்னா ரெண்டு விதமான கறை இருக்கு.

அவுரி இழைக்குள்ள கரைஞ்சு ஒட்டுறது இல்ல, துகளா மேல தங்குது. நல்ல அவுரிகூட புதுசுல கையில கொஞ்சம் நீலம் காட்டும். உலர்ந்த துணியில தேய்ச்சாலே வரும், ஆனா தண்ணியில ஊறப்போட்டா தண்ணி பெரிசா நீலமாகாது. அது சாயத்தோட குணம். நாலு தடவை சோப்பு போட்டு அலசினா அடங்கிடும். தண்ணியே கலங்கி நீலமானா, தொட்டியிலிருந்து எடுத்துச் சரியாக் காத்து காட்டாம அவசரத்துல போட்டது. வேண்டாம்.

பருத்திக்கு இப்ப பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம். அது காரத்துல (சோடா சாம்பல்) இழையோட பிணைஞ்சுக்கும். பிணையாத மிச்சம் இழைக்கு மேல சும்மா உக்காந்திருக்கும். கொதி நிலைக்குப் பக்கத்துல சூடான சோப்புத் தண்ணியில அலசினாத்தான் அது போகும். வீட்டுத் தொழிலா பண்றவங்க பல பேர் இந்தக் கடைசி அலசலைத்தான் சுருக்கிடறாங்க, தண்ணியும் கேஸும் செலவாகுதே. அதனால அடர் சிவப்பு, கருநீலம், கறுப்புக் கழிகள்ல கறை வரும். நூல் கெட்டது இல்ல, அலசல் பத்தாது. வீட்ல சுடுதண்ணியில அலசிட்டுப் பின்னினா சரியாயிடும். அலசாம வெள்ளையோட கோடு போட்டுப் பின்னினா முதல் துவையல்ல கோடே இருக்காது.

இயற்கைச் சாயம்னு எழுதியிருந்தா கூடுதலா கேளுங்க. மஞ்சள் போட்ட மஞ்சள் நிறம் வெயில்ல சில நாள்லயே வெளுக்கும், சோப்பு பட்டா சிவக்கும். மஞ்சள்ல சுண்ணாம்பு சேர்த்து குங்குமம் பண்ற அதே வித்தை. ஒரு நுனியில சோப்புத் தண்ணி ஒரு சொட்டு வெச்சுப் பாருங்க, சிவந்தா மஞ்சள்தான். மாதுளைத் தோலும் கடுக்காயும் படிகாரமும் போட்ட மஞ்சள் இதைவிட எவ்வளவோ நிக்கும். பதிமுகச் சிவப்பு அழகு, வெயிலுக்கு ஆகாது. மஞ்சிட்டிச் சிவப்பு நிக்கும். நம்ம கடற்கரையோட பழைய சிவப்பு, சாயவேர், இம்பூரல்னும் சொல்வாங்க, படிகாரத்தோட சேர்ந்து நல்லாவே நின்ன சாயம். யாராவது அது வெச்சிருந்தா விலை கேக்காம முதல்ல தொட்டுப் பாருங்க. சாம்பல், கறுப்பு நிறத்துக்கு இரும்பு போடுவாங்க. இரும்பு கூடினா சில வருஷத்துல இழை இத்துப் போகும். கழியிலிருந்து ஒரு இழையை இழுத்து அறுத்துப் பாருங்க. பக்கத்துல இருக்குற சாயமில்லாத கழியைவிட லேசா அறுந்தா விட்டுடுங்க.

பாட்டி_சொன்ன_முறை:
இவ்வளவு எதுக்கு? வீட்டுக்கு வந்து உப்பும் வினிகரும் போட்ட தண்ணியில ஒரு ராத்திரி ஊறவெச்சா சாயம் நின்னுடும். காலங்காலமா பண்றதுதானே.

சாயத்தொட்டி:
நிக்காதுங்க. உப்பு சாயத்தொட்டிக்குள்ள இருக்கும்போது சாயத்தை இழை பக்கம் தள்ளும், பிணைக்கறது காரம்தான். சாயம் போட்டு முடிஞ்ச நூலை உப்புத் தண்ணியில போட்டா மிச்ச சாயம் அன்னிக்குக் கொஞ்சம் கம்மியா இறங்கும், அடுத்த அலசல்ல மிச்சமும் இறங்கும். வினிகர் பட்டுக்கும் கம்பளிக்கும் போடற அமிலச் சாயத்துக்கு உதவும், அதுவும் சூடோட. பருத்திக்கு வினிகர் எந்த வேலையும் பண்ணாது. பாட்டி மேல மரியாதை உண்டு, ஆனா பாட்டி காலத்துல சாயமே வேற.

பாட்டி_சொன்ன_முறை:
அப்ப சாயம் போறதே குத்தமா? 1960-கள்ல அமெரிக்காக்காரன் "பிளீடிங் மெட்ராஸ்"னு சாயம் போற கட்டத் துணியைத் தேடித் தேடி வாங்கினானே.

சாயத்தொட்டி:
அது சட்டைத் துணி. கட்டத்துக்குக் கட்டம் கலந்து மங்குறதையே அழகுன்னு சொல்லி வித்தாங்க, வாங்குறவனுக்கும் தெரியும். குழந்தைக்குப் பின்ற பொம்மையில அந்த அழகு வேண்டாமே, வாயில வைக்கும்.

சந்தைப்பை:
"உல்லன்"னு சொல்றது எல்லாம் கம்பளியா?

ஊசி_நம்பர்_8:
இல்ல. நம்ம கடைகள்ல உல்லன்னா பெரும்பாலும் அக்ரிலிக். விலை சொல்லிடும், ஆனா கலப்பு நூல்ல விலையும் ஏமாத்தும். தீ வெச்சுப் பார்க்கலாம். மண்டபத்துக்குள்ள வேண்டவே வேண்டாம், சுத்தி இருக்குறது எல்லாம் பஞ்சு. அஞ்சு செ.மீ. இழை கேட்டு வாங்கிட்டு வெளிய வந்து, எவர்சில்வர் தட்டு மேல, இடுக்கியில பிடிச்சு:
கம்பளியும் பட்டும் முடி கருகுற வாசனை, தீயை எடுத்தா அணைஞ்சிடும், சாம்பல் விரல்ல பொடியும்.
பருத்தியும் விஸ்கோஸும் (மரக்கூழ்ல பண்ற நூல்) காகிதம் எரியற வாசனை, சாம்பல் நிறத் தூள், அணைஞ்ச பிறகும் நுனியில கங்கு ஓடும்.
அக்ரிலிக் உருகிச் சுருளும், கறுப்பு மணி மாதிரி கெட்டியாகும், உடையாது. உருகின சொட்டு தோல்ல பட்டா ஒட்டிக்கிட்டுச் சுடும், அதுக்குத்தான் இடுக்கி.
கலப்புல ரெண்டு வாசனையும் வரும். சதவீதம் இதுல தெரியாது.

சென்னையில யாருக்குக் கம்பளின்னு கேப்பாங்க. ஊட்டிக்கு அனுப்பறவங்களுக்கு, ஏசி அறையில படுக்குற குழந்தைக்கு. மத்தபடி பருத்திதான். ஒன்னு மட்டும் ஞாபகம்: பருத்திக்கு மீள்தன்மை கிடையாது. கம்பளிப் பேட்டர்னைப் பருத்தியில பின்னினா கைப்பட்டை, கழுத்து ரிப் (இழுபடற வரிப் பின்னல்) எல்லாம் ரெண்டு துவையல்ல தொங்கும். ரிப்புக்கு மட்டும் ரெண்டு அளவு சின்ன ஊசி போடுங்க. "பாம்பூ"ன்னு வர்றது பெரும்பாலும் விஸ்கோஸ். ஈரத்துல பலம் குறைஞ்சு, சொந்த எடையிலயே நீளும். காயப்போடும்போது தொங்கவிடாம படுக்க வைங்க.

காசிமேட்டுக்_கண்ணி:
எல்லாரும் கழி கழின்னு பேசிக்கினு இருக்கீங்க, வலை மேசையை யாரும் கண்டுக்கல. அங்கதான் காசு கம்மி, வேலை ஜாஸ்தி. ஒரு வலை ஊசி, ஒரு அளவுக் கட்டை, ரெண்டு மி.மீ. பருத்திக் கயிறு, அவ்ளோதான். பை பின்னிக்கினு வந்துடலாம்.

அளவுக் கட்டை அகலம் 2.5 செ.மீ.ன்னா கண்ணி இழுத்துப் பிடிச்சா 5 செ.மீ. வரும், கட்டை அகலத்துக்கு ரெண்டு மடங்கு. 30 கண்ணி போட்டு வட்டமா ஓட்டினா முழுசா இழுத்தா 1.5 மீட்டர். ஆனா கண்ணி வைரம் மாதிரி விரியறப்ப அந்த அகலம் வராது, ஏறக்குறைய 0.7 பங்கு. பை வாய் 1 மீட்டர் சுற்றளவு. காய்கறிப் பைக்கு இது கரெக்ட்.

முடிச்சுல கவனம். மேல் கண்ணிக்குள்ள கீழருந்து ஊசி வருது, பின்னால சுத்தி, தன் மேலயே பூட்டிக்குது. கட்டை விரலால கண்ணி உச்சியை அழுத்திப் பிடிச்சு இறுக்கணும். பிடிக்காம இழுத்தா முடிச்சு கண்ணிக்குக் கீழ நழுவி உருவு முடிச்சாயிடும். பார்க்க முடிச்சு மாதிரி இருக்கும், தக்காளி போட்டா கண்ணி பெரிசாயிடும். ஒவ்வொரு வரிசை முடிஞ்சதும் ரெண்டு கையால இழுத்துப் பாருங்க, நகர்ந்தா அங்கயே அவிழ்த்துடணும், அடுத்த வரிசை ஏறிட்டா அறுக்கறதுதான் வழி.

நைலான் சும்மா குடுத்தாகூட ஆரம்பத்துல வேணாம். வழுக்கும், ஒத்தை முடிச்சு நிக்காது. ரெட்டைச் சுத்து போடணும், இல்ல சூடு காட்டி இறுக்கணும். 210 டெனியர்னு எழுதியிருந்தா ஒரு இழை 9,000 மீட்டர் 210 கிராம்னு அர்த்தம். இங்க நம்பர் ஏறினா தடிமன், உங்க பருத்திக் கணக்குக்குத் தலைகீழு.

பாவு_ஊடை:
அண்ணே, அந்த வலை முடிச்சும் தறியில அறுந்த பாவு (நீளவாட்டு) இழையைச் சேர்க்குற நெசவாளர் முடிச்சும் ஒரே அமைப்புதான், போடுற விதம்தான் வேற. மெலிசா, தட்டையா இருக்கும், அச்சுப் பல்லுல (தறியில இருக்குற சீப்பு) மாட்டாம நகரும். கழியில அறுந்த இடத்துல இந்த முடிச்சு போட்டிருந்தா நல்ல கை சுத்தினதுன்னு அர்த்தம். சாதா முடிச்சு குண்டு குண்டா பத்து இடத்துல இருந்தா விலை பேசுங்க.

காசிமேட்டுக்_கண்ணி:
அதான் சொல்றேன், கடலோரமும் தறியும் ஒன்னுதான்பா.

தெருப்பெயர்_ஆராய்ச்சி:
சந்தை நடக்குற இடமே நெசவுக்குப் பொறந்த ஊர்தான். 1717 முதல் 1720 வரை சென்னை கவர்னரா இருந்த ஜோசப் காலட் காலத்துல நெசவாளர் குடியேத்தம் அமைஞ்சது. காலட்பேட்டைதான் வாய்க்கு வாய் மாறி காலடிப்பேட்டை ஆச்சு. கொஞ்சம் தெக்கால வந்தா வண்ணாரப்பேட்டை, கிழக்கிந்தியக் கம்பெனியோட துணிய வெளுத்தவங்க இருந்த இடம். இன்னும் தள்ளிப் பெரம்பூர்ல பின்னி மில்லு இருந்துச்சு: பக்கிங்ஹாம் 1876, கர்நாடிக் 1881. நூல், தறி, வெளுப்பு, மில்லு எல்லாம் இந்த வடசென்னையிலதான். சரி, நூலுக்கு வாங்க.

தக்ளி:
தக்ளி மேசையில உக்காரப் போறவங்களுக்கு நாலு வார்த்தை.

பருத்திக்குத் தக்ளி ஏன்னா, இழை குட்டை. நம்ம நாட்டுக் கருங்கண்ணி மாதிரி ரகத்துல இழை நீளம் ஒரு அங்குலத்துக்கும் குறைவு. குட்டை இழைக்கு முறுக்கு நிறைய வேணும், எடையும் தாங்காது. தொங்கவிட்டுச் சுத்துற கதிர்ல அதோட எடையே நூலை அறுத்துடும். தக்ளி கொட்டாங்குச்சியிலயோ கிண்ணத்துலயோ நுனி ஊன்றி நிக்கறதால நூல் மேல பாரம் இல்ல, வேகமும் அதிகம். சூவின் மாதிரி நீள இழைப் பருத்தி (38 மி.மீ.க்கு மேல) கிடைச்சா கத்துக்கறவங்களுக்கு அதுவே சுலபம். ஆனா விலை கூட.

அறுந்துகிட்டே இருந்தா காரணம் மூணுல ஒன்னு. முறுக்கு ஏறும் முன்னாடியே இழுக்கறது: இழை வெறும் பஞ்சாப் பிரிஞ்சு விடும், நுனி மெத்துன்னு இருக்கும். முறுக்கு அளவுக்கு மேல ஏறினது: நூல் தன்மேலயே சுருண்டு குட்டி வால் விடும், அறுந்த நுனி கம்பி மாதிரி விறைப்பா இருக்கும். பஞ்சுத் திரியை இறுக்கிப் பிடிக்கறது: கட்டி கட்டியா வரும். நுனியைப் பார்த்தாலே எதுன்னு தெரியும்.

மழை நாள்ல இன்னொன்னு. ஈரக்காத்துல பருத்தி இழை நல்லா ஒட்டிக்கும், நூல் அறுபடறது குறையும். ஆனா ஏற்கெனவே ஈரம் குடிச்ச திரி கட்டிபட்டு, இழுத்தா வராது. திரி வாங்கினா சிப் பையில போடுங்க, மேல எதையும் அழுத்தி வைக்காதீங்க.

அம்பர் சர்க்கா (பல கதிர் ஓடற ராட்டை) வெச்சிருந்தாங்கன்னா நின்னு பாருங்க. அந்தப் பேரே அதை உருவாக்கின நம்ம ஊர் ஏகாம்பரநாதன் பேர்ல இருந்து வந்தது.

மெட்ரோ_பயணி:
வழி: மெட்ரோல காலடிப்பேட்டை ஸ்டேஷன். 2021 பிப்ரவரியில விம்கோ நகர் வரைக்கும் ஓட ஆரம்பிச்ச தடம் அது, நேரா வந்துடலாம். வியாசர்பாடி பக்கத்திலிருந்து பைக்ல வர்றவங்க கணேசபுரம் சுரங்கப்பாதையை நம்பாதீங்க, நல்ல மழைன்னா தண்ணி நிக்கும். பத்து மணிக்குள்ள போங்க. கழியும் பிரிச்சுப் பார்க்காம இருக்கும், வெளிச்சமும் நல்லா இருக்கும். டியூப் லைட்டுக்குக் கீழ ரெண்டு நீலம் ஒன்னாத் தெரியும், வாசல் வெளிச்சத்துல வெச்சுப் பார்த்துட்டுத்தான் காசு. சில்லறை 50, 100 நோட்டா வெச்சுக்கோங்க, மழையில ஜிபே சுத்திக்கிட்டே இருக்கும்.

அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிடறதா இருந்தா நூல் வாங்கி முடிச்சுட்டு. எண்ணெய்க் கையோட வெள்ளைக் கழியைத் தொட்டா வாங்கித்தான் ஆகணும்.

சந்தைப்பை:
2,000-ஐ எப்படிப் பிரிக்கலாம்? ஒரு குழந்தைக் குல்லா, ஒரு மேசை விரிப்பு, ஒரு பை. இவ்வளவுதான் இப்போதைக்கு.

வசம்பு:
மூணுக்கும் மீட்டர் கணக்கு எழுதிட்டு, ஒவ்வொன்னுக்கும் பத்து சதவீதம் கூட வாங்குங்க. ஒரே சாயத் தொட்டியில இருந்து வந்த கழியா, ஒரே தடவையில. அடுத்த மாசம் அதே கடைக்காரர் அதே பேர் வெச்ச நிறம் குடுத்தாலும் ஒட்டாது. கையில சாயம் போட்ட கழி ரெண்டு வாங்கினா ஒரே தொட்டியா இருந்தாலும் வித்தியாசம் இருக்கும், ரெண்டு வரிசைக்கு ஒரு தடவை கழி மாத்தி மாத்திப் பின்னுங்க, கோடு தெரியாது.

ஊசி_நம்பர்_8:
நான் வேற மாதிரி சொல்வேன். முதல் தடவை நூலுக்கு 1,200தான். மிச்சத்துக்கு நல்ல குரோஷா ஊசி ஒன்னும், 4 மி.மீ. வட்ட ஊசி ஒன்னும். நூல் எங்க வேணா கிடைக்கும். ஊசியை மட்டும் கையில பிடிச்சுப் பார்த்துத்தான் வாங்கணும். வட்ட ஊசியில கேபிளும் ஊசியும் சேர்ற இடத்துல நகத்தை ஓட்டுங்க. படி தட்டினா ஒவ்வொரு கண்ணியும் அங்க மாட்டும். குரோஷா ஊசி வாய்ப்பள்ளத்துல பிசிறு இருந்தா நூலைப் பிளக்கும். கடலோரக் காத்துல வெச்சிருந்த இரும்பு ஊசி, பழைய தறி அச்சு ரெண்டுலயும் துரு பார்க்கணும். வெள்ளைத் துணியில ஒரு தடவை தேய்ச்சாத் தெரியும், துருக் கறை பருத்தியில லேசுல போகாது.

வசம்பு:
நூல் எங்க வேணா கிடைக்கும்கறதை ஒத்துக்க மாட்டேன். கைச்சாயக் கழி எங்க வேணா கிடைக்காது. ஊசி விஷயம் சரி.

வீட்டுக்கு வந்ததும் பையிலேயே விட்டுடாதீங்க. ஈரமாப் பூட்டின பை ரெண்டு நாள்ல பூசணம். ரெண்டு நிறக் கழி ஈரத்துல ஒன்னு மேல ஒன்னு இருந்தா நிறம் ஏறிக்கும். பிரிச்சு, நிழல்ல, ஃபேனுக்குக் கீழ ஒரு நாள். கம்பளி வாங்கினா பையில காத்தை எடுத்து மூடி ஃப்ரீசர்ல ரெண்டு வாரம் வைங்க, முட்டையோட பூச்சி செத்துடும். வெளிய எடுத்ததும் பையைத் திறக்காதீங்க. ஒரு நாள் அப்படியே விட்டுட்டுத் திறக்கணும், இல்லன்னா குளிர்ந்த நூல்மேல நம்ம ஊர்க் காத்து வேர்த்துக் கொட்டும். வசம்பும் வேப்பிலையும் வர்ற பூச்சியைக் கொஞ்சம் தள்ளி வைக்கும், உள்ள இருக்குறதைக் கொல்லாது. (பேரு வசம்புன்னு வெச்சுக்கிட்டு நானே சொல்றேன்.)

சந்தைப்பை:
கடைசிக் கேள்வி. கழியா வாங்கினதை எப்படி உருண்டையாக்குறது? அப்படியே பின்ன ஆரம்பிச்சா?

பாவு_ஊடை:
அப்படியே ஆரம்பிச்சா பத்தாவது வரிசையில சிக்கு. முதல்ல கழியை மாட்டணும், அப்புறம்தான் கட்டு அவிழ்க்கணும். நிறைய பேர் தலைகீழாப் பண்றாங்க. முறுக்கைப் பிரிச்சு, வளையத்தைப் பரிவட்டத்துலயோ (கழி மாட்டிச் சுத்தற சட்டம்), இல்லன்னா ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலி முதுகுலயோ மாட்டி, தொய்வில்லாம தள்ளி வைங்க. ரெண்டு கையால லேசா உதறி எல்லா இழையும் ஒரே தளத்துல ஓடுதான்னு பாருங்க. மூணோ நாலோ இடத்துல எட்டு மாதிரி கட்டியிருக்கும். அதை ஒவ்வொன்னா கத்தரிங்க. கத்தரிக்கும்போது கட்டு நூல் எது, கழி இழை எதுன்னு இழுத்துப் பார்த்துட்டு. கடைசிக் கட்டுலதான் ரெண்டு நுனியும் சேர்த்து முடிச்சு போட்டிருப்பாங்க. வெளிப்பக்கம் சுலபமா வர்ற நுனியை எடுங்க, உள்ள புகுந்து வர்ற நுனி கழியை வளைச்சுடும்.

உருண்டையை இறுக்கிச் சுத்தாதீங்க. விரல் ரெண்டை நூலுக்கு அடியில வெச்சுச் சுத்தி, அடுக்கு மாறும்போது விரலை உருவணும். இறுக்கிச் சுத்தின பருத்தி ஒரு வாரத்துல நீண்டுக்கும், அதுல பின்னினது துவைச்சதும் சுருங்கும். மெலிசு நூல் (20-ஆம் நம்பருக்கு மேல) நாற்காலி முதுகுல வராது, நடுவுல தொய்யும். அதுக்குப் பரிவட்டம்தான். சந்தையில கைத்தறி மேசைக்காரர்கிட்ட கேட்டா, அங்கயே சுத்திக் குடுப்பாங்களான்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்கலாம். கூட்டம் இல்லாத காலை நேரத்துல கேளுங்க.

சந்தைப்பை:
காகிதத்துல எழுதிக்கிட்டேன். தராசுக்கு பேட்டரி வாங்கணும்.